இருநூறு ராத்தல்

எடையளவுத் துறையில் பதினெட்டு வருடம்.
காலையில் காசிமேட்டு மீன் தராசு,
மதியம் பாண்டி பஜார் நகைத் தராசு.
ஒன்றில் ஐஸை மீனென்று விற்பார்கள்,
மற்றதில் மின்விசிறிக் காற்றுக்கே எண் மாறும்.

நேற்று ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமேடைக்கு எதிரே கயிறு கட்டிய ரிங்.
ஆள் நிறுக்கும் தராசைச் சோதித்துத் தரச் சொல்லிக் கடிதம்.
இருபது கிலோ படிக்கற்களை ஒவ்வொன்றாய் ஏற்றினேன்.
நூறைத் தொட்டதும் ஐம்பது கிராம் பொய் சொன்னது.
திருகினேன், திருத்தினேன், ஈய முத்திரை வைத்தேன்.

முதலில் ஏறினான் எபினேசர்,
துறைமுகத்தில் கன்டெய்னர் பூட்டுகிறவன்.
தொண்ணூறு கிலோ இருநூறு.
கமிட்டிக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.
ஹெவிவெயிட் என்றால் இருநூறு ராத்தல் தாண்ட வேண்டுமாம்.
ராத்தல்!
ராத்தலில் கத்திரிக்காய் விற்றால்கூட நான் வழக்குப் போடுவேன்.
குறைவது ஐநூற்றுச் சொச்சம் கிராம்.
வெளியே போய் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.
"இப்ப பாருக்கா."
தொண்ணூற்றொன்று இருநூறு.

மற்ற எடைகளுக்குத் தரையும் உண்டு, கூரையும் உண்டு.
இதற்குத் தரை மட்டும்தான்.
கூரையில்லாத அந்த வீட்டுக்குள்
குனியாமல் வந்தான் ஐ.சி.எப். மெல்வின்.
நூற்று இருபத்தொன்று.
தராசு ஒருதரம் முனகி அடங்கியது.

பக்கத்து நாற்காலியில், மாலையோடு, ஒரு படம்.
டாக் தேசிங்கு. நாற்பத்தொன்றில்
இந்தப் பேட்டைக்கே ஹெவிவெயிட் ராஜா.
ஓரத்தில் மையால் எழுதியிருந்தது: 178 ராத்தல், 15 ரவுண்டு.

"தேசிங்கு இருந்தா மெல்வினை நாலாவது ரவுண்டுல படுக்க வச்சிருப்பாரு."
"மெல்வின் தும்முனா தேசிங்கு மூலக்கொத்தளத்துல போய் வுழுவாரு."
இரண்டு பேர், ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டு.

நான் கணக்குப் போட்டேன்: எண்பது கிலோ எழுநூறு.
தன் பட்டத்துக்கே இன்று அவர் வெளியாள்.
வாசலில் நின்று பத்து லிட்டர் குடிக்க வேண்டும்.
ஆனால் அன்று எதிரே நின்றவனும்
அதே கூழ் குடித்து, அதே மூட்டை தூக்கியவன்.
காலமும் ஒரு படிக்கல்தான் போல;
அதற்கு முத்திரை குத்த என் பையில் அச்சில்லை.

மணி அடித்தது.
எடை முஷ்டியில் இருக்குமென்று நினைத்திருந்தேன்.
மெல்வின் அதிகம் அடிக்கவில்லை.
கட்டிப் பிடித்தான். கழுத்தில் முழங்கையை வைத்தான்.
சாய்ந்தான்.
பிரித்துவிட்டார்கள்.
வந்து, மறுபடி சாய்ந்தான்.
அரிசி மூட்டையோடு மூன்றாவது மாடி ஏறுகிறவன் போல
எபினேசரின் கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது.
இன்னும் மூன்று ரவுண்டு.
மீனுக்கு மேல் கொட்டிய ஐஸ் ஞாபகம் வந்தது.
ஐஸும் எடைதான்.

ஐந்தாவதில் ஒரே ஒரு குத்து, விலாவுக்கு அடியில்.
சத்தமே வரவில்லை.
நூற்று இருபத்தொரு கிலோவும்
எங்கே உட்காரலாமென்று கொஞ்சம் யோசித்து
ஒரு முழங்காலில் உட்கார்ந்தது.
டீக்காரர்களில் ஒருவர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.
எண்ணினார்கள். எட்டில் எழுந்தது.
எழுந்து,
சாய்ந்தது.

புள்ளிக் கணக்கில் மெல்வின்.

படிக்கற்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கைக்கட்டை அவிழ்க்காமலே வந்து தராசில் ஏறினான் எபினேசர்.
எண்பத்தொன்பது நானூறு.
"ஒரு கிலோ எட்நூறு எங்கக்கா போச்சு?"
மெஷின் சரிதான் என்றேன். முத்திரையைக் காட்டினேன்.
அவன் கேட்டது அதுவல்ல என்று ஆட்டோவில்தான் உறைத்தது.

ரிங்குக்குள் ஒரு பையன்
ஈரத்தைத் துடைத்துத் துடைத்து வாளியில் பிழிந்தான்.
இரண்டு பேருடையதும் ஒரே வாளியில்.
அதை நான் நிறுக்கவில்லை.